ஸ்க்ராப் கும்பல் வரைபடத்தில் என் மாமா

ஒரகடம் பக்கத்து ஆலைகளில் கழித்துப் போடும் இரும்பை எந்தக் கும்பல் எடுப்பது என்று நடந்த வெட்டுக்குத்துகள்தான் என் ஆராய்ச்சி. தீர்ப்புகளைப் படித்து, அதில் வரும் ஒவ்வொரு ஆளையும் கணினியில் ஒரு புள்ளியாக வைப்பேன். ஒரே வழக்கில் இருந்தவர்களைக் கோடு போட்டு இணைப்பேன். யார் உள்ளே போகிறார்கள், யார் விட்டு வெளியே வருகிறார்கள் என்பதை அந்த வலையில் தேடினேன்.

"பொண்ணு ரவுடிங்கள எண்ணிக்கினு கீது" என்று அம்மா தன் தம்பியிடம் புலம்பினாள். மாமாவுக்குக் கார் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை. என்னைப் பேட்டிகளுக்குப் பைக்கில் கூட்டிப்போவது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். ஷிஃப்ட் முடிந்து தூங்க வேண்டிய மனிதர், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு யார் வீட்டு வாசலிலோ காத்திருப்பார்.

ஒருநாள் மண்ணூரில், கும்பலை விட்டு வந்து டிபன் கடை நடத்தும் ஒருவரைப் பார்க்கப் போனோம். என் கணிப்புப்படி அவர் வெளியே வந்திருக்கவே முடியாது; அவருடைய கோடுகள் எல்லாம் கும்பலுக்குள்ளேதான் இருந்தன. மாமா வழக்கம்போல வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"டேய், உள்ள வர மாட்டியா?"

இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்தவர்களாம். மாமா என்னிடம் சொன்னதே இல்லை. "அது அவன் கத. அவனே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார்.

எப்படி வெளியே வந்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஜெயில்ல இருந்தப்ப எங்க ஆளுங்க ஒருத்தனும் வரல. இவன் மட்டும் வந்துகினே இருந்தான். வந்து இன்னா பேசுவான்ற? கம்பெனி கேன்டீன் சாம்பார் வாயில வெக்க முடியலன்னுவான். லைன்ல எவன் எவன்கூட சண்டன்னுவான். திருந்துடான்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. வெளிய வந்தா இவன் பேசற அந்த எடத்துக்குப் போயிடணும்னு இருந்துச்சு எனக்கு."

"சாம்பார் நெசமாவே நல்லா இல்ல" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

சிறையில் ஒருவரைப் போய்ப் பார்ப்பது எந்தத் தீர்ப்பிலும் வராது. அதன் பிறகு எல்லாரிடமும் "உங்களைப் பார்க்க யார் வந்தாங்க?" என்று சேர்த்துக் கேட்டேன்; வந்தவர்களையும் வலையில் புள்ளிகளாக வைத்தேன். பார்க்க யாராவது வந்துகொண்டிருந்த ஆட்களில் பலர் கும்பலை விட்டு வெளியேறியிருந்தார்கள். தன் அம்மா தவறாமல் போய்ப் பார்த்தும் திரும்ப அதே கும்பலில் சேர்ந்த ஒருவரும் இருந்தார். அதையும் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கத்தில் மாமா வீட்டில், பெயர்களை எடுத்துவிட்ட படத்தை லேப்டாப்பில் காட்டினேன்.

"இதுல நான் எங்க கீறேன்?"

ஓரத்தில் ஒரே ஒரு கோட்டோடு இருந்த புள்ளியைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"உங்க அத்தையையும் போடு. அவகிட்ட ஓவர்டைம்னு சொல்லிட்டுத்தான் ஜெயிலுக்குப் போவேன். அவ ஒண்ணும் கேக்காம பை நெறைய ஆரஞ்சு எடுத்து வெப்பா."

பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தேன். சமையலறையில் இருந்த அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தவள், "நான் ஏன் இவ்ளோ சின்னதா கீறேன்?" என்றாள்.