படலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

லண்டனிலிருந்து ரயிலேறி, தமிழர்கள் நாங்கள் சிலர் ஞாயிறுகளில் கென்ட் குன்றுகளில் நடக்கப் போவோம். எங்களில் மூத்தவர் ஒருவர் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். ஒல்லியான உடம்பு, பச்சை மழைக்கோட்டு, மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடி. ஆடுகள் வெளியேறாமலிருக்க அங்கே வயலுக்கு வயல் மரப்படலை உண்டு. கடைசியாகப் போகிறவர் சாத்த வேண்டும். அவர் உடனே சாத்தமாட்டார். படலையைத் திறந்து பிடித்தபடி, யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கி நிற்பார்.

ஒருநாள் நானும் பின்தங்கிவிட்டேன்.

“ஆருக்கண்ணை பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?”

“பின்னால ஒராள் வாறார், தம்பி.”

திரும்பிப் பார்த்தேன். ஈரப் புல்லில் எங்கள் காலடித் தடங்கள் மட்டுமே தெரிந்தன. பகிடி என்று நினைத்துச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

காட்டைத் தாண்டியதும் கடைசிப் படலை. நான் நுழைந்த கையோடு அதைச் சாத்திவிட்டார்.

“ஏனண்ணை, அவரை விட்டிட்டு வாறியளோ?”

“இல்லையே. காட்டுக்குள்ள வரேக்கையே அவர் உம்மோட சேர்ந்திட்டார்.”

திரும்பி வந்த ரயிலில் அவ்வளவு கூட்டம். ஆனாலும் என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு அந்த அண்ணை நடக்க வரவேயில்லை. லண்டனில், லூயிஷாமில் என் வீட்டுக் கதவைச் சாத்துமுன் நானும் இப்போது கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே விடவா, வெளியே அனுப்பவா என்பதுதான் எனக்கே தெரியவில்லை.