பேனாக் கோட்டுக்குள் என் கால்

முதலில் வந்தது அரிப்புதான். மாட்டுப்பட்டிப் பக்கம் மழையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற எங்களுக்கு அட்டைக்கடி ஒரு பொருட்டே அல்ல. அட்டை ஏறாமலிருக்க, பழைய சைக்கிள் டியூபை வெட்டி முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்வோம். கடித்த இடம் வீங்கியதும், விஷம் மேலே போய்விடுமென்று நான் இன்னும் இறுக்கிக் கட்டினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். கணவர் செல்வராஜ் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் பரவும் கிருமித்தொற்று) என்றார்கள். மலையாள டாக்டரம்மா டியூபை வெட்டி எறிந்துவிட்டு, சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார்.

“சேச்சி, சிவப்பு இந்தக் கோடு தாண்டினா ஆபரேஷன் வேணும். கால் போகவும் செய்யலாம்.”

“கால் இல்லாம தேயிலைக் காட்டுல எப்பிடி நிக்க?” என்று செல்வராஜிடம் அழுதேன்.

“அழாத. நான் கோட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்றார்.

மருந்து ஏறும்போது டாக்டரம்மா விளக்கினார். “உங்க வெள்ளணுக்களும் (கிருமியோடு போராடும் ரத்த அணுக்கள்) அங்க போகணும். அதுக்குக் கண்ணு இல்ல. கிருமியோட வாசம் மாதிரி கொஞ்சம் தெரியும், மத்தது தொட்டுப் பாத்துத்தான். எது இறுக்கம், எங்க இடைவெளின்னு தடவி, உடம்பைச் சுருக்கி நுழையும். நீங்க கெட்டின கெட்டுல நீர் தேங்கி அதோட வழி அடைஞ்சுபோச்சு, கேட்டோ.”

எனக்குச் சட்டெனப் புரிந்தது. பனிமூட்டத்தில் நாங்களும் அப்படித்தான். கண்ணுக்கு எதுவும் தெரியாது. தொடையில் செடி முட்டினால் ஒதுங்குவோம், கிளை விலகினால் நுழைவோம்.

காய்ச்சலில் என் கால் ஒரு மலையாகிவிட்டது. வெள்ளைச் சேலைக்காரிகள் பக்கவாட்டில் உடம்பைத் திருப்பித் திருப்பிச் செடி நிரைகளுக்குள் போனார்கள். அது ஒரு மணி நேரமா, ஒரு நாளா, தெரியவில்லை. “அவசரப்படாதீங்கடி” என்று உளறினேனாம்.

கண் விழித்தபோது வெயில் அடித்தது. செல்வராஜ் காலருகே குனிந்திருந்தார்.

“கோட்டுக்கு உள்பக்கமே உன் கலரு தெரியுது, பாரு,” என்று சிரித்தவர் அப்படியே அழுதுவிட்டார்.

உங்கள் காலும் இப்படிச் சிவந்து வீங்கினால், கட்டை அவிழ்த்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். பிறகு பொறுமையாகப் படுத்திருங்கள்.

இப்போது டியூப் இல்லாமல்தான் வேலைக்குப் போகிறேன். பனியில் எல்லோருக்கும் பின்னால் வருபவள் நான்தான்.

“ஏக்கா, எங்க நிக்க?” என்று முன்னாலிருந்து குரல் வரும்.

“வாரேன், வாரேன்.”

செடி விலகும் இடம் பார்த்துக் கால் வைக்கிறேன். என் காலுக்கு உள்ளேயும் அந்த வெள்ளைச் சேலைக்காரிகள் இப்படித் தடவித் தடவித்தான் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.