கழுவாத மணல்

சுனாமிக்கு அடுத்த கோடையில் ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது, அதுவும் அரை மணி நேரம். அன்று நான்கு மணிக்கு எங்கள் முறை. அம்மை இறங்கிய மகளுக்கு அன்றே தலைக்கு ஊற்ற வேண்டும். டிரம்மில் அடிக்கசடுதான் மிச்சம். இந்தத் தீவில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்கு வைத்த பிறகு ஊற்றக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

காலையில் வருவதாகச் சொன்ன பிளம்பர் மூன்று மணிக்கு ஆடி அசைந்து வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு மாதமாகக் குளியலறைச் சுவர் கசிந்துகொண்டிருந்தது. மேல்வீட்டுக் குளியலறைதான் காரணம் என்று முடிவு கட்டியவள் நான். அங்கே ஒரு பெங்காலிப் பெண் இருந்தாள், தீதி என்று கூப்பிடுவேன். படிக்கட்டில் நின்று தெருவுக்கே கேட்கும்படி அவளிடம் கத்தினேன். அவள் தன் தரையை உடைத்துப் புதிதாகப் பூசினாள். கசிவு நிற்கவில்லை. அதற்கும் அவளைத்தான் திட்டினேன். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. சென்ற முறை தண்ணீர் வந்தபோது எங்கள் குழாயில் அரைக் குடம்கூட நிரம்பாமல் எல்லாம் சுவர் வழியாக ஓடிய பிறகுதான் பிளம்பரைத் தேடினோம்.

அவர் உளியால் பூச்சைத் தட்டினார். பெரிய பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"அக்கா, இத யாரு பூசினது? பூரா சமுந்தர் மண்ணு. கழுவவே இல்ல. உப்பு பைப்பத் தின்னுருச்சு."

பூசியவர் என் கணவர். நிலநடுக்கத்தில் விழுந்த விரிசலை அடைக்க ஆற்று மணலுக்கு எங்கே போவது? கடல் மணலை நல்ல தண்ணீரில் அலசிக் கலக்க அவர் குடத்தைத் தூக்கினார். "குடிக்கவே தண்ணியக் காணோம், மண்ணக் குளிப்பாட்டப் போறீங்களா?" என்று அதைப் பிடுங்கி வைத்தவள் நான்.

பிளம்பர் ரெஞ்சைப் போட்டுத் திருகினார். துருவேறிய பைப் சுவருக்குள்ளேயே முறிந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் குடங்கள் உருண்டன. தண்ணீர் வந்துவிட்டது.

"வால்வத் தொறக்காதீங்க, சுவரே சரிஞ்சிரும். ஏக் கண்டா குடுங்க."

ஒரு மணி நேரமாம். அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். மகள் பாயில் சொறிந்துகொண்டு, "எப்பம்மா ஊத்துவ?" என்றாள். கணவர் மேலே கண்ணைக் காட்டினார். வேறு வழியில்லாமல் வாளியோடு ஏறினேன்.

தீதி என்னையும் வாளியையும் பார்த்தாள். "பச்சி கே லியே?" என்றாள். ஆமாம், குழந்தைக்குத்தான் என்றேன். என் வாளியை நிரப்பிவிட்டு, நான் தடுக்கத் தடுக்க இன்னொரு வாளியைத் தானே தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

வந்தவள் உடைந்த சுவருக்கு முன்னால் நின்றாள். எங்கே கசிந்தது என்று ஹிந்தியில் கேட்டாள். கணவர் வாயைத் திறந்தார்.

"பைப் பழசு, தீதி" என்று முந்திக்கொண்டேன்.

அவள் முறிந்த பைப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ எங்க பாத்ரூமால இல்லையே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு நிம்மதியாகக் கேட்டாள்.