மீன்தொட்டிக்குள் கை விட்டபோது

ஐந்தருவியிலிருந்து தென்காசிக்குச் சாரலில் நனைந்தபடி நடந்துகொண்டிருந்தேன். வலது கை தோள்வரை மரத்திருந்தது. பஸ்ஸில் ஏறி யாரோடும் பேசும் நிலையில் இல்லை.

அன்று காலை ஐந்தருவியில் ஒரு லாட்ஜில், மீன்தொட்டிக்காக நான் வெல்டிங் செய்த இரும்பு ஸ்டாண்டை நிறுத்தினேன். தொட்டியை ஏற்றி, விளக்கும் மோட்டாரும் மாட்டி, தண்ணீர் நிரப்பினோம். மோட்டாரைச் சரிசெய்ய, இடது கையால் ஸ்டாண்டைப் பிடித்தபடி வலது கையைத் தண்ணீருக்குள் விட்டேன். மின்சாரம் இழுத்துக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லை. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பேச்சியக்கா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

மின்கசிவு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தவேண்டிய டிரிப்பர் ஏன் விழவில்லை என்று லாட்ஜ் முதலாளியிடம் கேட்டேன்.

"சீசன்ல ஈரத்துக்கு அது சும்மா சும்மா விழுதுலே. ரூம்காரங்க சத்தம் போடுதாங்க. அதான் அத விட்டுட்டு லைன நேரா குடுக்கச் சொல்லிட்டேன். சாயங்காலம் மீன விட்டுரலாம்லா?"

"மொதல்ல நீங்க கைய விட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றார் பேச்சியக்கா.

நான் கூலிகூட வாங்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பட்டினியும் மழையும் எனக்குப் பழகியவை. ஈரத்துக்காக வைத்த காவலை, ஈரம் வருகிறது என்று எடுத்துவிடும் புத்தியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து டிரிப்பரின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் எந்தத் தொட்டியையும் தொடுவதில்லை. மறுநாள் காலை ஆய்க்குடியில் ஒரு வீட்டில் இதே வேலை கிடைத்தது. பொத்தானை அழுத்தினேன். வீடு முழுவதும் மின்சாரம் நின்றது.

"யாரு கரண்ட நிப்பாட்டுனது? மாவு பாதியில நிக்குது" என்று உள்ளேயிருந்து ஓர் அம்மா திட்டினார்.

அவர் திட்டி முடிக்கும்வரை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேலையை ஆரம்பித்தேன்.