சைஸ் ஏழு பனியனும் டிபேஸ் ஃபோரும்

பிரிண்டர் நிற்கவே மாட்டேன் என்றது. கார்ட்டன் நம்பர் ஒன்று. சைஸ் 1, பூஜ்ஜியம். சைஸ் 2, பூஜ்ஜியம். சைஸ் 3, பூஜ்ஜியம். காகிதம் மேசையிலிருந்து வழிந்து தரையில் மடிப்பு மடிப்பாகக் குவிந்தது. மணி மூன்று. ஐந்து மணிக்குக் கல்கத்தா லாரி. பூஜை சீசன் சரக்கு, நூற்றிருபது பெட்டி பனியன். எந்தப் பெட்டியில் எந்த சைஸ் எத்தனை பீஸ் என்று பேக்கிங் லிஸ்ட் கொடுக்காமல் வாசலில் நிற்கும் லாரியில் ஒரு பெட்டியையும் ஏற்ற மாட்டார்கள்.

அந்த நெருக்கடியில் நான் செய்த முதல் வீரச்செயல், காகிதக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்து அதை மறைத்ததுதான்.

1. நாற்பத்தெட்டு வேரியபிள்

எண்பதுகளின் கடைசி. காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான்தான் 'கம்ப்யூட்டர் தம்பி'. பேக்கிங் லிஸ்ட் புரோகிராமை டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற மென்பொருளில் நானே எழுதியிருந்தேன். அதில் அர்ரே கிடையாது. 75 முதல் 110 வரை எட்டு சைஸ், ஆறு கலர். ஆக நாற்பத்தெட்டு வேரியபிள், நாற்பத்தெட்டு தனிப் பெயர். சரக்கு வாங்கும் பார்ட்டி புதுக் கலர் ஒன்று கேட்டால் இன்னும் எட்டுப் பெயர் தேட வேண்டும்.

அப்போதுதான் கோயமுத்தூரிலிருந்து அதன் புது வெர்ஷன், டிபேஸ் ஃபோர் ஃபிளாப்பிகள் வந்து சேர்ந்தன. மேனுவலில் புது வசதிகளின் பட்டியலைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி திரும்பத் திரும்பப் படித்தேன். விண்டோ, மெனு, நாமே எழுதிக்கொள்ளும் ஃபங்ஷன். எல்லாவற்றுக்கும் மேலாக அர்ரே. ஒரே பெயரில் வரிசையாகப் பல அறைகள். எண்ணைச் சொன்னால் அந்த அறை திறக்கும். முதலாளியிடம் ஓடினேன்.

"அது வந்தா பனியன் கூடுதலா விக்குங்களா கண்ணு?" என்றார்.

"லிஸ்ட் வெரசா வருமுங்க."

"அப்பப் போடுங்க. ஆனா ஒரு பொட்டி நின்னுச்சுன்னாலும், பழையபடி பேக்கிங் எஸ்தரே கையில எழுதட்டும். உங்க டப்பாவுக்குத் துண்டு போத்தி வெச்சரலாம்."

டப்பாவுக்குத் துண்டு என்றால் எனக்கு ஊருக்கு பஸ் என்று அர்த்தம்.

என் மூளை அன்று படுவேகம். 90 சைஸ் பனியனா? தொண்ணூறாவது அறையில் போடு. 75 சைஸா? எழுபத்தைந்தாவது அறை. தேடவே வேண்டாம்! ஒவ்வொரு கலருக்கும் நூற்றுப்பத்து அறை கட்டினேன். டெஸ்டிங் என்று ஸ்கிரீனில் மொத்தத்தை மட்டும் பார்த்தேன், சரியாக இருந்தது. உடனே பழைய புரோகிராமின் மேலேயே அதே பெயரில் புதியதை ஏற்றிவிட்டேன். பேக்கப் எடுப்பது பயந்தவர்கள் வேலை என்று நினைத்த வயது.

2. எலிக்கா, பல்லிக்கா?

நூற்றுப்பத்து அறை கட்டியவன் பிரிண்ட் போடும்போதும் நூற்றுப்பத்தையும் போடத்தானே செய்வான்? ஒரு பெட்டிக்கு இரண்டு பக்கம். பழைய புரோகிராமும் இல்லை.

பேக்கிங் செக்‌ஷன் பொறுப்பாளர் எஸ்தரக்கா லிஸ்ட் வாங்க வந்தார். எனக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"ஏனுங் தம்பி, சைஸ் ஏழுன்னு போட்டிருக்குது? ஆருக்குங்க, எலிக்கா, பல்லிக்கா?"

"அக்கா, சத்தம் போடாதீங்க. முதலாளி காதுல விழுந்துரும்."

"லாரிக்காரன் சத்தம் போடறானே, அது விழுகாதுங்களா? நான் கையில எழுதோணும்னா நாளைக்குப் பொழுதாயிரும்."

அழாத குறையாக அர்ரேயை விளக்கினேன். சைஸ்தான் அறை எண், அதனால்தான் நூற்றுப்பத்து அறை என்றேன். அக்கா கண்ணாடிக் கதவு வழியாக பேக்கிங் ஹாலைக் காட்டினார். சுவரோரம் மர ரேக்.

"அங்க எத்தனை அடுக்குங்க?"

"எட்டு."

"எந்த அடுக்குல எந்த சைஸ்னு எனக்கு எப்பிடித் தெரியும்? சீட்டு ஒட்டி வெச்சிருக்கறேன். உங்க மாதிரி அடுக்கினா ரேக்கு அவினாசி ரோட்டுக்குப் போயிருமுங்க."

சீட்டு! எட்டு அறை போதும். எந்த அறை எந்த சைஸ் என்று சொல்ல, சீட்டுகளுக்காக இன்னொரு சின்ன அர்ரே. பூஜ்ஜியத்தைத் தவிர்க்க ஒரே ஒரு IF வரி போதுமே என்று இப்போதைய பிள்ளைகள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். காகிதத்தின் மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தோன்றவில்லை.

புரோகிராமைத் திருத்தி அடித்தேன். நாலேகாலுக்கு பிரிண்டர் மறுபடி கத்த ஆரம்பித்தது. பெட்டிக்கு எட்டு வரி. அக்கா பக்கத்திலேயே நின்று, பெட்டிக்குள் போட்ட சீட்டின் நகலோடு ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசிப் பெட்டி வந்தபோது மணி நாலு ஐம்பது.

"செரியா இருக்குதுங்க," என்றார். அந்தச் சொல்லுக்குச் சமமான சான்றிதழ் எனக்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை.

லாரி கிளம்பியது. முதலாளி எட்டிப் பார்த்தார். "புது வெர்ஷன் எப்படிங்க கண்ணு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "நல்லாருக்குதுங்க. பேப்பர்தான் சித்தெ அதிகமாத் திங்குது."

3. மானிட்டரில் தொங்கியது

மறுநாள் காலை வந்தபோது மானிட்டரின் மூலையில் ஒரு பனியன் தொங்கியது. என் உள்ளங்கை அளவு. கட்டிங் வேஸ்ட்டில் வெட்டி, ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்து, கழுத்துக்கு ரிப் பட்டி எல்லாம் வைத்துத் தைத்திருந்தார்கள். உள்ளே லேபிளில் பேனாவால் 7.

செக்‌ஷன் முழுக்க என்னையே பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் எனக்குப் பெயர் சைஸ் ஏழு.

பிறகு எத்தனையோ மொழி, எத்தனையோ வெர்ஷன் மாறினேன். ஒவ்வொரு முறையும் புது வசதிகளின் பட்டியலைப் பார்த்தால் அதே ஆசை, அதே கிறுகிறுப்பு. நான் கற்றது இவ்வளவுதான்: படித்து முடித்ததும் கீபோர்டைத் தொடாதே, எழுந்து போய் ரேக்கில் எத்தனை அடுக்கு என்று எண்ணிவிட்டு வா.

அந்தப் பனியன் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளை பழுத்து மஞ்சளாகிவிட்டது. புது வெர்ஷன் ஏற்றும் நாளில் அதை எடுத்து ஸ்கிரீனில் மாட்டுவேன். பேக்கப் எடுத்து முடித்த பிறகுதான் கழற்றுவேன்.