மதன் இன்னும் லாகின் செய்கிறான்

கோவை சின்னவேடம்பட்டியில் மொபைல் ஸ்டார்ட்டர் செய்கிற கம்பெனியில் சாய்ப்ரியாவுக்கு ஒன்பது வருஷமாக வேலை. எங்கிருந்தாவது போனில் தட்டினால் தோட்டத்து மோட்டார் ஓடும்; அதற்கான பெட்டிதான் அது. இத்தாலிக்காரர் ஒருவர் அந்தப் பெட்டிகளை வாங்க முன்வந்ததும் அவள் மேசைக்குப் புது வேலை வந்தது. இணையத்தோடு இணைகிற பொருள் ஐரோப்பாவுக்குள் போக வேண்டுமானால் இனி காகிதம் கேட்பார்களாம். உள்ளே என்னென்ன மென்பொருள், எந்த ஓட்டை வழியாக அந்நியன் நுழையலாம், நுழைந்தால் யார் எப்படி அடைப்பார்கள் என்று எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும்.

அதற்காக சர்வரின் லாகின் பதிவுகளைப் புரட்டும்போதுதான் அந்தப் பெயரைப் பார்த்தாள். மதன், காலை ஆறு பத்து. மறுநாளும் ஆறு பத்து. நேற்றும்.

பெட்டிக்கு மென்பொருள் எழுதிய மதன்குமார் கிணத்துக்கடவுப் பக்கம் பைக் விபத்தில் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கணக்கை அவளுக்குத் தெரியும். சோதனைக்காக அவன் உண்டாக்கியது. ஒரே பாஸ்வேர்டு, எல்லாப் பெட்டியையும் திறக்கும். "அடுத்த வெர்ஷன்ல எடுத்துப்போடறேன், இப்ப டிக் பண்ணிரு சாய்" என்றான். சரிபார்ப்புத் தாளில் 'பொதுவான கடவுச்சொல் எதுவும் இல்லை' என்ற வரிக்கு எதிரே டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டாள். அடுத்த வாரம் அவன் இல்லை. அதன்பின் அதைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

மேனேஜர் ரங்கராஜிடம் சொன்னாள்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும் அம்மணி. எழுதாம உட்டுப்போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"யாரோ தெனமும் உள்ள வந்துட்டுத்தானுங்க சார் இருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்ல அது யாருன்னு பாரு."

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஆறு பத்துக்கு அந்த வரி வந்து விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு வரவில்லை. நிம்மதியாக இருக்குமென்று நினைத்தாள், இருக்கவில்லை. ஆறே முக்காலுக்கு வந்தபோது அவளையறியாமல் பெருமூச்சு விட்டாள். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அந்த லாகின் திறக்கிற பெட்டியின் எண்ணைத் தேடினாள். விற்பனைக்குப் போகாத சோதனைப் பெட்டி. அதற்குள் இருந்த சிம் ஆனைமலைப் பக்கம் காட்டியது. மதனின் ஊர். மறுநாள் பொள்ளாச்சியில் பஸ் மாறிப் போனாள்.

மதனின் அப்பா ஈஸ்வரமூர்த்தி தென்னந்தோப்பில் இருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, அவள் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடி விரிசல் விட்ட போனை எடுத்தார். மகனுடையது.

"அவனிருக்கறப்பவே போட்டுக் குடுத்ததுங்க அம்மணி. மோட்டாரு சுவிட்சு இதா, கைக்கெட்டற தூரத்துலதான் இருக்குது. ஆனா இதைத் தொறந்தா 'வாங்க மதன்'னு வருதுங்க. அதுக்கோசரந்தான்."

இந்த ஒரு சாவி எல்லார் தோட்டத்தையும் திறக்கும், கடல் தாண்டிப் போகிற பெட்டியையும் திறக்கும், அதனால் அடைத்தாக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

"எம் பையன் தப்புப் பண்ணிப்போட்டானுங்களா?"

"ரெண்டு பேரும் பண்ணிட்டமுங்கப்பா. கையெழுத்து என்னோடது."

அவர் போனைச் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். "அடைச்சுருங்க கண்ணு. அவம் பேரச் சொல்லிட்டு எவனாச்சும் இன்னொருத்தர் தோட்டத்துல பூந்தா நல்லாவா இருக்கும்?"

கோவைக்குத் திரும்பி எல்லாவற்றையும் எழுதினாள்: ஓட்டை எது, எப்போதிலிருந்து இருக்கிறது, தவறாகச் சரிபார்த்தவர் யார். அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். ரங்கராஜ் இரண்டு தரம் படித்தார். "இத்தாலிக்கு மூணு வாரம் லேட்டாகும்னு நானே சொல்லிக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியில் இருந்த பெட்டிகளுக்கெல்லாம் மதனின் கணக்கை அழிக்கும் திருத்தம் அனுப்பும் நாளில் அவள் விரல் பட்டன் மேலேயே நின்றுவிட்டது.

"நான் தட்டட்டுமா?" என்றார் ரங்கராஜ்.

"வேண்டாங்க சார்."

தட்டினாள். திரையில் திருத்தம் ஏறிய பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஆனைமலைப் பெட்டிக்கு மட்டும் சிக்னல் கிடைக்கவில்லை. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள்; அவள் எழுந்திருக்கவில்லை. மூன்று மணி வாக்கில் அதுவும் பச்சையானது. கழிவறைக்கு எழுந்துபோய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.