தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கால் விரலில் இருந்த மெட்டி கழன்று விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. மாமியார் எடுத்துக் கொடுத்தபோது குனிந்து விரலைத் தொட்டுப் பார்த்தேன். கட்டையைத் தொட்டதுபோல் இருந்தது. தலைப்பிள்ளை பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"பச்ச ஒடம்பு, மரத்துத்தான் கெடக்கும்" என்றார் அவர்.

நான் எடப்பாடிப் பக்கம் களியும் கம்மஞ்சோறும் தின்று வளர்ந்தவள். தாய் இல்லாததால் பிரசவமும் புகுந்த வீட்டில்தான், நாமக்கல்லுக்குத் தெற்கே ஆற்றுப் பாசன ஊரில். அங்கே பத்தியம் என்றால் மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. அதையும் பலமுறை களைந்து, கஞ்சியை வடித்த சோறு, மிளகு ரசம். பருப்பு, கீரை ஆகாது. தவிடு எருமைக்குப் போயிற்று. எருமை நன்றாகவே இருந்தது.

நான்காம் மாதம் பிள்ளைக்குக் குரல் போயிற்று. வாயைத் திறந்து அழுவான், சத்தம் வராது. "அழுவாத புள்ள, எஞ்சாமி" என்று கொஞ்சினார் மாமியார். வந்தவர்களும் மெச்சினார்கள். ஒரு நாள் பாலைக் கக்கி, மூச்சு முட்டி, என் மடியிலேயே போய்விட்டான்.

அதன் பிறகு நானும் நடக்க முடியாமல் விழுந்தபோதுதான் சேலம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். டாக்டரம்மா முழங்காலில் தட்டிப் பார்த்தார், கால் அசையவில்லை. பெரிபெரி (உணவில் ஓர் உயிர்ச்சத்து குறைந்து நரம்பும் இதயமும் கெடும் நோய்) என்றார். பிள்ளைக்குக் குரல் போனதையும் அவன் போனதையும் சொன்னேன்.

"உன் பாலிலயும் அந்தச் சத்து இல்லம்மா" என்றார்.

தயாமின் (தவிட்டில் இருக்கும் அந்த உயிர்ச்சத்து) ஊசி போட்டார்கள். உலகச் சண்டை நடந்த காலம், மாத்திரை கொஞ்சம்தான் கிடைத்தது. அது தீர்ந்ததும் தவிட்டைச் சலித்து, வறுத்து, வெல்லம் சேர்த்துத் தின்னச் சொன்னார்.

"ஏனுங்க, தவுடு எருமைக்குங்க. எங்கூட்டு மருமவ திங்கறதுங்களா?" என்றார் மாமியார்.

"எருமைக்கு வெக்கறதுல எனக்கும் ஒரு கை வெய்யுங்க" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது.

பிள்ளை பெற்றவர்களே, கால் மரத்தால் பச்சை உடம்பு என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சத்துச் சேர்ந்தால் உணர்ச்சி திரும்பும், எரிச்சலோடு, மெல்லத் திரும்பும். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அடுத்தது பெண். முதல் பிள்ளை தங்காத வீடு என்று, வழக்கப்படி அவளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்கினார் மாமியார். யார் வீட்டுப் பிள்ளையோ என்று எமன் ஏமாந்துவிடுவானாம். தவிட்டாயி என்று பெயரும் வைத்தார். முறத்தில் தவிடு குவிந்து கிடந்தது. அதில் ஒரு பிடியை அன்றே எனக்குத் தந்திருந்தால் என் மகன் இருந்திருப்பான்.

தவிட்டாயிக்கு இப்போது நான்காம் மாதம். வாசலில் வெறுங்காலோடு நிற்கிறேன், மண் சுடுவது தெரிகிறது. உள்ளே அவள் வீறிட்டு அழுகிறாள். "என்ன அடங்காத புள்ள!" என்கிறார் மாமியார். நான் உடனே போய்த் தூக்குவதில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.